கணக்கில் வராத கை



இயந்திரம் வந்துவிட்டது என்கிறார்கள். உண்மைதான், வந்துவிட்டது. மாவட்ட மருத்துவமனையிலே வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு நாற்காலி ஓர் இயந்திரம், தண்ணீரைச் சுத்திகரிக்க ஒரு நிலையம், சுவரிலே திறப்பு விழாக் கல்வெட்டு, கல்வெட்டிலே அமைச்சர் பெயர் — எல்லாம் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான். அந்த இயந்திரத்துக்கும், அதன் முன்னே அமர்ந்திருக்கும் மனிதனின் குருதிக்கும் இடையே ஒரு வாசல் வேண்டுமே, அந்த வாசல்! அது அடைபட்டுப் போனால், இலட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் அந்த மனிதனைப் பொறுத்தவரை வெறும் இரும்புப் பெட்டி.

சிறுநீரகம் செயலிழந்தவனுக்கு டயாலிசிஸ் என்றொரு சிகிச்சை உண்டு என்பது இன்று நமக்குத் தெரியும். கிளைக் கழகத்திலே ஒரு தோழரின் தந்தை, ஆலையிலே பக்கத்துத் தறிக்காரர், எதிர்வீட்டுத் தாய் என்று யாரேனும் ஒருவர் வாரம் இருமுறையோ மும்முறையோ விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துப் போய்வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் குருதி எந்த வழியாக வெளியே வருகிறது, எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஊசி போடுவார்கள்" என்பார்கள். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்த ஊசி இறங்கும் இடத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வந்தேன்.

கணக்கைப் பாருங்கள். இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி குருதி கேட்கிறது. ஒன்றரை டம்ளர்! நிமிடத்துக்கு ஒன்றரை டம்ளர் வீதம் நான்கு மணி நேரம் இழுத்து, கழுவி, திருப்பி அனுப்ப வேண்டும். காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து ஏற்றுகிறார்களே, அந்தக் கைநரம்பு இதற்குத் தாங்காது. அது வயல் வாய்க்கால். அதிலே ஆற்று வெள்ளத்தை எதிர்பார்க்க முடியாது. வேகமாய்ப் பாயும் தமனியோ சதைக்குள்ளே ஆழத்தில் கிடக்கிறது; அதை வாரத்துக்கு மூன்று தடவை குத்தினால் கை என்னாகும்? ஆகவே மருத்துவர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். மணிக்கட்டருகிலோ முழங்கை மடிப்பிலோ, தமனியையும் பக்கத்திலே போகும் சிரையையும் இணைத்துத் தைத்துவிடுகிறார்கள். ஆற்றை வாய்க்காலுக்குத் திருப்பியாயிற்று! சிரை நாளடைவில் பருக்கிறது, அதன் சுவர் தடிக்கிறது, தோலுக்கடியிலே கயிறு போல எழுந்து நிற்கிறது. விரலை வைத்தால், மடியிலே படுத்த பூனையின் உறுமல் போல ஓர் அதிர்வு. இதைத்தான் பிஸ்டுலா என்கிறார்கள். அந்தத் தடித்த சிரையிலே ஒரு தடவைக்கு இரண்டு ஊசி: எடுப்பதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று. வாரம் மூன்று தடவை என்றால் ஆண்டுக்கு 312 ஊசிகள். சாதாரண ஊசியல்ல, கோணி ஊசி போல் தடித்தது!

மேலே 'நாளடைவில்' என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகும் அந்தக் கை பக்குவப்பட. சர்க்கரை நோயாளிக்கும், முதியவருக்கும், மெல்லிய நாளங்கள் உள்ள பெண்களுக்கும் முதல் முயற்சி கைகூடாமல் போவதும் உண்டு. மறுபடி தைக்க வேண்டும். மறுபடி காத்திருக்க வேண்டும். ஆகவேதான் டயாலிசிஸ் தேவைப்படுவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே கையைத் தயார் செய்துவிடுங்கள் என்று மருத்துவ உலகம் நெடுநாளாகச் சொல்லி வந்திருக்கிறது. ஆறு மாதம் முன்னதாக! மூச்சுத் திணறி, முகம் வீங்கி, நள்ளிரவிலே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் ஏழையிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இயந்திரம் இருந்தும் வாசல் இல்லாமல் போன உயிரின் கதை, இயந்திரத்தோடு சேர்ந்தே பிறந்த கதை. 1943ஆம் ஆண்டு. நெதர்லாந்து நாட்டிலே காம்பன் என்னும் சிற்றூர். இட்லரின் படை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், மரத்தாலான ஓர் உருளையும், தொத்திறைச்சிக்கு உறையாகச் சுற்றும் செலோபேன் குழாயும் கொண்டு முதல் செயற்கைச் சிறுநீரகத்தைக் கட்டினார். போர்க்காலப் பஞ்சத்திலே கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டினார். அவரிடம் வந்த முதல் நோயாளி யார்? சீமாட்டியா, செல்வச் சிறுமியா? 29 வயது வீட்டு வேலைக்காரப் பெண்! பன்னிரண்டு முறை அந்த இயந்திரம் அவள் குருதியைக் கழுவியது. ஒவ்வொரு முறையும் புதிதாய் ஒரு நாளத்தை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது முறைக்குப் பிறகு திறப்பதற்கு நாளமே இல்லை. இயந்திரம் அப்படியே இருந்தது, பெண் போய்விட்டாள்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1960 மார்ச்சில், அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் அந்த முடிச்சை அவிழ்த்தார். டெப்லான் குழாய் ஒன்றைத் தமனியிலும் இன்னொன்றைச் சிரையிலும் நிரந்தரமாகச் செருகி, சிகிச்சை இல்லாத நேரத்தில் இரண்டையும் வெளியே வளைத்து இணைத்து வைத்தார். வெட்டிய இடத்தையே மறுபடி மறுபடி வெட்ட வேண்டியதில்லை. அந்தக் குழாயைக் கையில் வாங்கிக்கொண்டவர் கிளைடு ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி. நாள் எண்ணிக்கொண்டிருந்த அந்தத் தொழிலாளி, அதற்குப் பிறகு பதினோர் ஆண்டு வாழ்ந்தார். வாசல் திறந்தால் ஆயுள் எவ்வளவு நீளும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் வாசல் திறந்ததும் வாயிற்காவலனும் வந்துவிட்டான்! இயந்திரங்கள் சில, சாகக் கிடப்பவர்களோ பலர். யாரைச் சேர்ப்பது? சியாட்டிலில் எழுவர் குழு ஒன்றை அமைத்தார்கள். வழக்கறிஞர், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர். மனு செய்தவனின் வருமானம் என்ன, சொத்து என்ன, படிப்பு என்ன, மணமானவனா, சர்ச்சுக்கு ஒழுங்காய்ப் போகிறவனா என்றெல்லாம் பார்த்து, இவன் வாழலாம், இவன் சாகலாம் என்று தீர்ப்பளித்தார்கள். 1962இல் 'லைஃப்' ஏடு இதை அம்பலப்படுத்தியபோது அமெரிக்காவே அதிர்ந்தது. நமக்கு என்ன அதிர்ச்சி! பிறந்த குலத்தைப் பார்த்து மனிதனுக்கு விலை போட்ட நாட்டிலே பிறந்தவர்கள் நாம். அங்கே பணப்பையைத் தொட்டுப் பார்த்து விலை போட்டார்கள். தராசு வேறு, தட்டு ஒன்று.

அந்தக் குழு பின்னாளில் கலைந்தது. எப்படிக் கலைந்தது? கருணையாலா? சட்டத்தால்! 1971இல் ஒரு நோயாளி, சட்டமன்றக் குழுவினரின் கண்ணெதிரே இயந்திரத்தை வைத்துக்கொண்டு டயாலிசிஸ் செய்துகொண்டு காட்டினார். 1972இல் சட்டம் பிறந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய அனைவருடைய சிகிச்சைச் செலவையும் அமெரிக்க அரசே ஏற்றது. அதற்கு முன்பே, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலே, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், பிரெசியா, சிமினோ, அப்பெல் ஆகிய மருத்துவர்கள் குழாயே வேண்டாம் என்று சொல்லித் தமனியையும் சிரையையும் நேராகத் தைத்துவிட்டார்கள். 1966இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் இன்றைக்கும் நம் தோழர்களின் கையிலே உறுமிக்கொண்டிருக்கிற பிஸ்டுலா. அறுபது ஆண்டுகளில் எத்தனையோ புதுமைகள் வந்தன. அதைவிட நல்ல வாசல் வரவில்லை. கையில் நாளம் சரியில்லாதவர்களுக்குச் செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பதும் உண்டு. அது சீக்கிரம் பயனுக்கு வரும். ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், சீழும் பிடிக்கும், விலையும் கூட.

இதிலே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1973 முதல் அரசே பணம் கட்டும் அமெரிக்காவில், இன்றைக்கும் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் கழுத்திலோ மார்பிலோ செருகிய குழாயோடுதான் தொடங்குகிறார்கள்! 'முதலில் பிஸ்டுலா' என்று 2003இல் ஓர் இயக்கமே அங்கே நடத்த வேண்டி வந்தது. நாற்காலிக்குப் பணம் கட்டினால் வாசல் தானாக முளைத்துவிடும் என்று எண்ணியது தவறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

2016 பிப்ரவரியில், அன்றைய ஒன்றிய நிதியமைச்சர் அருண் ஜெட்லி தமது நிதிநிலை அறிக்கையிலே தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார். ஆண்டுதோறும் 2.2 இலட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகம் செயலிழக்கிறார்கள், அதனால் 3.4 கோடி டயாலிசிஸ் முறைகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன, ஒரு முறைக்கு 2,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3 இலட்ச ரூபாய்க்கு மேல் ஒரு குடும்பத்துக்குச் செலவாகிறது என்று கணக்கு வாசித்தார். நல்ல கணக்கு. மறுக்கவில்லை. திட்டம் எப்படி நடக்கிறது? தனியார் நிறுவனம் இயந்திரத்தையும் ஆட்களையும் கொண்டுவரும். இடம், மருந்து, மின்சாரம், தண்ணீர் மாநில அரசின் பொறுப்பு. பெயர்ப்பலகையிலே மட்டும் பிரதமர்! போகட்டும், பெயருக்காக இன்று சண்டையில்லை. சண்டை கணக்கைப் பற்றியது.

நிதியமைச்சரின் கணக்கை மறுபடி படித்துப் பாருங்கள். 'முறை' எண்ணப்பட்டிருக்கிறது. ஒரு முறைக்கு இவ்வளவு, இத்தனை முறைக்கு இவ்வளவு. ஒப்பந்தக்காரருக்குக் கூலியும் முறைக் கணக்கில்தான். நோயாளி கையிலே பிஸ்டுலாவோடு வந்தாலும் ஒரு முறை. கழுத்திலே குழாயோடு, அந்தக் குழாயிலே கிருமியோடு, குளிர் நடுக்கத்தோடு வந்தாலும் ஒரு முறை! ஒரே கூலி, ஒரே கையெழுத்து, ஒரே பட்டியல். அவன் கை எப்படி இருக்கிறது என்பதற்குப் பட்டியலிலே கட்டம் இல்லை. எண்ணப்படாததை எந்த ஆட்சியும் கவனிப்பதில்லை. எந்த ஒப்பந்தக்காரனும் காப்பதில்லை.

கழுத்துக் குழாய் என்றேனே, அது என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அவசரத்தில் வருகிறவனுக்கு அதுதான் உயிர்காப்பு. அதை நான் இகழவில்லை. கழுத்தின் பெரிய சிரைக்குள்ளே குழாயை இறக்கி அன்றைக்கே இயந்திரத்தில் மாட்டிவிடலாம். ஆனால் அது தற்காலிகக் குழாய். இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது மருத்துவ நெறி. நடப்பது என்ன? "பிஸ்டுலா போட அடுத்த மாதம் வா", "அறுவை மருத்துவர் மாற்றலாகிப் போய்விட்டார்", "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன்" என்று வாரம் மாதமாகிறது. தோலைத் துளைத்துக்கொண்டு இதயத்தின் வாசல் வரை போகிற குழாய். அதன் வழியே கிருமி போகாமல் இருக்குமா? டயாலிசிஸ் தொடங்கிய அரை மணியில் பல் கிட்டும், உடம்பு தூக்கிப் போடும், போர்வைமேல் போர்வையாகப் போர்த்துவார்கள். "ஏசிக் குளிர்" என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அது குளிரல்ல தோழர்களே, குருதியிலே கிருமி கலக்கிறது என்ற எச்சரிக்கை மணி! அதைக் கேளாமல் விட்டால், அந்தக் கிருமி இதயத்தின் அடைப்பிதழ்களிலேயே போய்க் குடியேறும்.

இன்னொரு கேடு உண்டு. அது மெதுவாக வரும். தோள்பட்டை எலும்புக்கடியிலே போகும் சிரையிலே குழாயைச் செருகினால், பிற்காலத்தில் அந்தச் சிரை சுருங்கி அடைத்துக்கொள்ளும் அபாயம் பெரிது. அடைத்துக்கொண்டால், அந்தப் பக்கத்துக் கையிலே எவ்வளவு நேர்த்தியாகப் பிஸ்டுலா தைத்தாலும் கை பூசணிக்காய் போல வீங்கும், பயனில்லை. ஓர் அவசர நாளிலே ஒரு கை போயிற்று! மனிதனுக்கு இருப்பது இரண்டு கை. இரண்டும் போனால் தொடை. தொடையும் போனால்? காம்பன் நகரத்து வேலைக்காரப் பெண்ணின் நிலைதான். 1943இல் அவளுக்கு வழியில்லாமற் போனதற்கு அறியாமை காரணம்; உலகத்திலேயே யாருக்கும் தெரியாத காலம் அது. எல்லாம் தெரிந்த இந்தக் காலத்திலே ஒரு பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளிக்கு வழியில்லாமற் போனால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

ஆகவே கேள்வி இதுதான்: கையைத் தைக்கும் கரம் எங்கே இருக்கிறது?

பிஸ்டுலா போடுவது பெரிய அறுவை அல்ல. கையை மட்டும் மரக்க வைத்துச் செய்வது. பெரும்பாலோர் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பலாம். ஆனால் நுணுக்கமான வேலை. தீக்குச்சி பருமனுள்ள நாளத்தைத் தைக்க வேண்டும். முன்னதாக ஸ்கேன் வைத்து எந்த நாளம் தேறும் என்று பார்க்க வேண்டும். பிறகு அடைத்தால் திறக்க வேண்டும். அதற்குப் பயின்ற இரத்தக்குழாய் அறுவை மருத்துவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். டயாலிசிஸ் நாற்காலி தாலுகாத் தலைநகர் வரை போய்விட்டது. தைக்கும் கரம் அந்த வேகத்தில் போகவில்லை. வாரம் மூன்று நாள் கூலியிழந்து டயாலிசிஸுக்குப் போகிறவன், பிஸ்டுலாவுக்காக நாலாவது நாளும் பேருந்து ஏறி, வெளியூரிலே படுக்கைக்குக் காத்திருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையிலே தங்கிப் பணிபுரியும் உயர்சிறப்பு மருத்துவர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஆரம்பச் சுகாதார நிலையத்திலே, மாவட்ட மருத்துவமனையிலே பணியாற்றிய அரசு மருத்துவர்களே மேற்படிப்புப் படித்துத் திரும்பி வருவதால் வருவார்கள். தமிழ்நாடு கட்டிய கல்லூரி, தமிழ்நாட்டு மக்களின் வரிப்பணம், அந்த உயர்சிறப்பு இடங்களிலே நம் அரசு மருத்துவர்களுக்குப் பாதி ஒதுக்குவதற்கு 2020 நவம்பரில் ஆணை பிறந்தது. உடனே வழக்கு! அந்த ஆண்டுக்கு இல்லை என்றது உச்சநீதிமன்றம். 2022 மார்ச்சிலேதான் தமிழ்நாடு அந்த ஒதுக்கீட்டின்படி இடங்களை நிரப்ப வழி கிடைத்தது. மாநில உரிமை என்று நாம் மேடையிலே முழங்கும்போது, "இதனால் என் வயிறு நிறையுமா?" என்று எள்ளி நகையாடும் நண்பர்கள் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள்: மாநில உரிமை என்பது கோட்டைக் கொத்தளத்தில் பறக்கும் துணி மட்டுமல்ல, உன் ஊர் மருத்துவமனையிலே உன் அப்பன் கையைத் தைக்க ஓர் ஆள் இருப்பானா, இருக்க மாட்டானா என்பதும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டிலே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2009இலே கலைஞர் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம், ஏழை பெரிய மருத்துவமனையின் படியேற வழி செய்தது. 2021 ஆகஸ்டிலே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலே தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோயிற்று. இந்த இரண்டு நோய்களும்தான் சிறுநீரகத்தைத் தின்கிற பெரும்பசிக்காரர்கள். அதே திட்டத்திலே, வயிற்றின் வழியாகவே வீட்டிலிருந்து செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளும் வீடு தேடிப் போகின்றன. அந்த முறைக்கு ஊசியும் வேண்டாம், கைநாளமும் வேண்டாம்! சுத்தமாக வைத்துக்கொள்ள ஓர் அறையும், கற்றுக்கொடுக்க ஓர் ஆளும் இருந்தால் பலருக்கு ஏற்றது. நாளம் தீர்ந்து நிற்கிறவனுக்கு அது மறுவாழ்வு. இருந்தும் அதைக் கடைசிப் புகலிடமாக மட்டும் ஏன் வைத்திருக்கிறோம்? நாற்காலி வார்டைத் திறந்தால் கல்வெட்டு வைக்கலாம். வீட்டுக்குப் போகும் பைக்குக் கல்வெட்டு வைக்க இடமில்லை என்பதாலா? யாருடைய ஆட்சியானாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

வீடு தேடிப் போகிற அந்தச் சகோதரியின் பதிவேட்டிலே கிரியாட்டினின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, அது ஏறிக்கொண்டே போகிறவனை மாவட்ட மருத்துவமனைக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தால், நாம் தேடிக்கொண்டிருக்கும் ஆறு மாதம் அங்கேதான் கிடைக்கும்.

இனி நம் பக்கத்துக் குறையையும் பேச வேண்டும். நம் பக்கம் என்றால் நம் மக்கள் பக்கம்.

"கையிலே ஆபரேஷன் செய்துவிட்டால் டயாலிசிஸ் நிச்சயம் ஆகிவிடும்" என்று அஞ்சுகிறார்கள். குடை வாங்கினால் மழை வந்துவிடும் என்பதுபோல! கிரியாட்டினின் ஐந்து, ஆறு என்று ஏறுகிறது. மருத்துவர் கையைத் தயார் செய்யச் சொல்கிறார். இவர்கள் ஏதோ ஒரு ஊரிலே வேரும் பொடியும் தருகிறவனைத் தேடிப் போகிறார்கள். "நாற்பத்தெட்டு நாளில் குறைத்துக் காட்டுகிறேன்" என்கிறான் அவன். நாற்பத்தெட்டு நாள்! ஒரு பிஸ்டுலா பக்குவப்படும் காலத்தை அப்படியே விழுங்கிவிட்டு அனுப்புகிறான். நாற்பத்தொன்பதாம் நாள் அவசரப் பிரிவு, கழுத்துக் குழாய்.

சரி, பிஸ்டுலா போட்டாயிற்று. அந்த மணிக்கட்டிலே என்ன கட்டுகிறார்கள்? மந்திரித்த கறுப்புக் கயிறு! அதுவும் அவிழாமல் இருக்க இறுக்கிக் கட்டுகிறார்கள். கண்ணேறு கழியட்டும் என்று கட்டிய கயிறு, உயிர் ஓடும் நாளத்தை நெரிக்கும் சுருக்காகிறது. இறுக்கமான வளையலும், கடிகாரமும் அப்படித்தான். கயிற்றை அறுத்தெறியுங்கள் என்று நம் இயக்கம் ஒரு நூற்றாண்டாகச் சொல்வது வறட்டுத் தத்துவம் என்று எண்ணுகிறவர்கள், இந்த ஒரு மணிக்கட்டை வந்து பார்க்கட்டும்.

இன்னும் சிலர் அந்தக் கையை மறைக்கிறார்கள். புடைத்து, முடிச்சு முடிச்சாக நெளியும் நாளத்தைப் பார்த்துப் பிறர் முகம் சுளிப்பார்கள் என்று, கோடையிலும் முழுக்கைச் சட்டை போடுகிறார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். தந்தை பெரியார் தம் கடைசி ஆண்டுகளிலே சிறுநீர் வெளியேற ஒரு குழாயோடும், அதைப் பிடிக்கும் கலத்தோடும் ஊர் ஊராகப் போய் மேடையேறினார், மறைத்தாரா? நாணினாரா? அந்தக் கிழவரின் பிள்ளைகளுக்குக் கையிலே ஒரு நாளம் புடைத்திருப்பதா மானக்கேடு!

கழகத் தோழர்கள் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்கு ஆளைச் சேர்ப்பது, காப்பீட்டு அட்டைக்குக் கையெழுத்து வாங்குவது, இரத்தம் கொடுப்பது — இவற்றிலே உங்களை மிஞ்ச ஆளில்லை. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதென்று தெரிந்த ஒருவரைக் கண்டால், அவர் எழுதாத கை எது என்று கேளுங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கை. "அந்தக் கையிலே இனிமேல் ஊசி குத்த விடாதீர், இரத்தம் எடுக்க விடாதீர், இரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்" என்று சொல்லுங்கள். உடம்பு அசதி என்றால் உடனே "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்" என்று போய்ப் படுத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊரிலே ஊறிப்போனது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு நாளத்தைக் குறைக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த உப்புநீர் தெம்பையும் தராது, மூச்சுத் திணறலைத்தான் தரும். தவிர்க்க முடியாமல் ஏற்றியே ஆக வேண்டுமானால் புறங்கையிலே குத்தச் சொல்லுங்கள்.

பிஸ்டுலா போட்டவர் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த இடத்திலே விரல் வைத்துப் பார்க்க வேண்டும். உறுமல் இருக்கிறதா? இருந்தால் சரி. நின்றுபோயிருந்தால், "அடுத்த டயாலிசிஸ் நாளில் சொல்லிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடக் கூடாது; அன்றைக்கே ஓட வேண்டும். அடைத்த நாளத்தைச் சீக்கிரம் போனால் திறக்க வழியுண்டு. நாள் கடந்தால் கை போயிற்று. விரல்கள் சில்லிட்டுப் போனாலும், நீலம் பாய்ந்தாலும் உடனே சொல்ல வேண்டும். கைக்குப் போக வேண்டிய குருதியெல்லாம் பிஸ்டுலா வழியே திருட்டுப் போகிறது என்று பொருள். அந்தக் கையிலே மூட்டை தூக்கக் கூடாது. அதைத் தலைக்கு அணையாக வைத்துத் தூங்கக் கூடாது. மூட்டை தூக்காமல் சோறு எப்படி என்று கேட்பார் சுமைப்பணித் தோழர். நியாயமான கேள்வி. வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிற தொழிலாளிக்கு மாற்று வேலை தர வேண்டும், தர முடியாவிட்டால் உதவித்தொகை தர வேண்டும் என்று நல வாரியங்களின் கதவைத் தட்டுவது தொழிற்சங்கத்தின் வேலை.

ஊசி குத்தும் தொழில்நுட்பப் பணியாளரையும் மறந்துவிட வேண்டாம். ஒரே இடத்திலே திரும்பத் திரும்பக் குத்தினால் நாளம் பலூன் போல ஊதும். இடம் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். அது கைப்பழக்கத்திலே வருகிற திறமை. ஒவ்வொரு நோயாளியின் கையையும் பழகி அறிந்தவர்தான் அதைக் காக்க முடியும். அந்தப் பணியாளரை ஒப்பந்தக் கூலியாக்கி, ஆண்டுக்கு ஆண்டு ஆளை மாற்றிக்கொண்டிருந்தால், யாருடைய கையை யார் அறிவது? அவருக்கு நிரந்தர வேலை கேட்பது அவருக்காக மட்டும் கேட்பதல்ல.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கையிலே கோடி ரூபாய்த் திட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாள் பிஸ்டுலா அறுவைக்கென்றே ஒதுக்கட்டும். டயாலிசிஸ் ஒப்பந்தத்திலே முறைக்குக் கூலி என்பதோடு, எத்தனை நோயாளிகளைக் கழுத்துக் குழாயிலிருந்து கைக்கு மாற்றினார்கள், எத்தனை குழாய்களில் கிருமி பிடித்தது என்ற கணக்கும் சேரட்டும். அதைப் பொறுத்துப் பணம் கொடுக்கட்டும். ஒவ்வொரு டயாலிசிஸ் வார்டின் வாசலிலும் ஒரு கரும்பலகை மாட்டி, மாதந்தோறும் இரண்டே எண்களை எழுதட்டும். அடுத்த வார்டின் திறப்பு விழாவுக்குப் பந்தல் போடப்போகும் தோழர், அமைச்சர் யாராக இருந்தாலும், அவர் கையிலே கொடுக்கும் மனுவின் முதல் வரியாக அந்த இரண்டு எண்களையும் கேட்கட்டும்: இந்த நாற்காலிகளில் அமரப்போகிறவர்களில் கையிலே வழியுள்ளவர்கள் எத்தனை பேர்? கழுத்திலே குழாயோடு இருப்பவர்கள் எத்தனை பேர்?